காணி கொடுத்துக் கட்டின கம்பஸ்: மடிசனுக்கு விண்ணப்பிக்க முதல் வாசிக்க

வெளிநாட்டில் படிப்பதைப் பற்றி எங்களிடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடுதான் வருகிறார்கள். ராங்கிங் எத்தனை? காசு எவ்வளவு முடியும்? விசா கிடைக்குமா? மூன்றும் நியாயமான கேள்விகள். வீட்டு நகையை அடகு வைத்து விண்ணப்பக் கட்டணம் கட்டுகிற நாட்டில் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

ஆனால் நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் போய்ச் சேரப்போகும் அந்தப் பல்கலைக்கழகம் எதற்காகக் கட்டப்பட்டது, ஆருடைய காணியில், ஆருக்காக? வரவேற்பறையில் கண்ணாடி மேசையும் சுவரில் கொடிகளும் வைத்திருக்கிற முகவர்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். பல்கலைக்கழகங்களின் பளபளப்பான கையேடுகளிலும் இதற்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தை அறிமுகம் செய்து பார்ப்போம் என்று நினைத்தோம். எடுத்துக்கொண்டது விஸ்கொன்சின் பல்கலைக்கழகம், மடிசன். ஹார்வர்ட் மாதிரி எல்லோர் வாயிலும் வருகிற பெயர் அல்ல. ஆனால் எங்கட நாட்டில் இருந்து கலாநிதிப் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் உண்மையில் இடமும் சம்பளமும் தேடிப் பார்க்க வேண்டியது இப்படியான மாநிலப் பல்கலைக்கழகங்களில்தான்.

முதலில் இடம்

அமெரிக்காவின் மேற்பக்கத்தில், பெரிய ஏரிகளை ஒட்டிக் கிடக்கும் மாநிலம் விஸ்கொன்சின். பாலுக்கும் சீஸுக்கும் பெயர் போனது. அதன் தலைநகரம் மடிசன், மென்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவில் ஒரு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. ஒரு முனையில் மாநில சட்டசபைக் கட்டடம், மற்ற முனையில் கம்பஸ், இரண்டையும் இணைப்பது ஸ்டேட் ஸ்ட்ரீட். நடந்தே போகலாம். சட்டம் செய்கிற இடமும் படிப்பிக்கிற இடமும் ஒரே தெருவின் இரண்டு அந்தங்களில் இருப்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் கதையில் முக்கியமான விசயம். பிறகு வருகிறோம்.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1848 இல், விஸ்கொன்சின் ஒரு மாநிலமாக ஆன அதே வருடம். அடுத்த வருடம் முதல் வகுப்பில் இருந்தவர்கள் பதினேழு பேர். இன்றைக்கு நாற்பதினாயிரத்துக்கும் மேல். விவசாயம், உயிர்வேதியியல், பொறியியல், மருத்துவம், சமூகவியல், வரலாறு எல்லாம் ஒரே வளாகத்தில். மனித முளைய மூல உயிரணுக்களை 1998 இல் முதன்முதலாகப் பிரித்து வளர்த்த ஜேம்ஸ் தொம்சனின் ஆய்வுகூடம் இங்கேதான் இருந்தது.

குளிரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மார்கழி, தையில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகைக்கும் போகும். மென்டோட்டா ஏரி உறைந்து, சனம் அதன் மேல் நடந்து திரியும். முதல் மாதச் சம்பளத்தில் நல்ல சப்பாத்தும் கோட்டும் வாங்காமல் வேறொன்றுக்கும் கைவைக்க வேண்டாம்.

‘கிராண்ட்’ எண்டால்

வன்னியில், பொலநறுவையில், அம்பாறையில் குடியேற்றத் திட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘பெர்மிட் காணி’, ‘கிராண்ட் காணி’ என்ற சொற்கள் புதிதல்ல. அரசாங்கம் ஒரு குடும்பத்துக்குக் காணி கொடுத்து, பிறகு அளிப்புப் பத்திரம் கொடுக்கும். அமெரிக்காவின் ‘லாண்ட் கிராண்ட்’ பல்கலைக்கழகங்களும் சொல்லளவில் அதே சங்கதிதான். காணி கிடைத்தது குடும்பத்துக்கல்ல, மாநிலத்துக்கு. அதுவும் குடியிருக்க அல்ல, விற்றுக் காசாக்க.

1862 யூலை 2 ஆம் திகதி, உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், ஆபிரகாம் லிங்கன் மொரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்தைக் கொண்டுவந்தவர் வேர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜஸ்டின் மொரில். மூன்று வருடம் முதல், 1859 இல், இதேமாதிரி ஒரு சட்டமூலத்தை அப்போதைய ஜனாதிபதி புக்கானன் தடுத்திருந்தார். சட்டத்தின் கணக்கு எளிது. ஒரு மாநிலத்துக்கு கொங்கிரஸில் எத்தனை உறுப்பினர்களோ, ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் மத்திய அரசின் காணி. அதை விற்று வரும் முதலின் வட்டியில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் படிப்பிக்கிற ஒரு கல்லூரியையாவது நடத்த வேண்டும். மற்றப் படிப்புகளை விலக்கவும் கூடாது. விஸ்கொன்சினுக்கு அன்றைக்கு எட்டுப் பேர். ஆகவே 240,000 ஏக்கர். 1866 இல் மாநிலம் அந்தப் பொறுப்பை மடிசனில் இருந்த பல்கலைக்கழகத்திடமே கொடுத்தது.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் என்பது பெரும்பாலும் மதகுருமாருக்கும் வழக்கறிஞர்களுக்கும் பணக்காரப் பிள்ளைகளுக்கும் உரிய இடம். தோட்டக்காரனின் பிள்ளையும் கொல்லனின் பிள்ளையும் போய்ப் படிக்கலாம், அவர்களின் தொழிலே ஒரு பாடமாகலாம் என்று சட்டம் சொன்னது பெரிய மாற்றம். இலவசக் கல்வியால் படித்து வந்த எங்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். கன்னங்கராவின் பெயரை ஒரு நன்றியோடு சொல்கிற வீடுகளில் இருந்துதான் நாங்களும் வந்திருக்கிறோம்.

அந்தக் காணி ஆருடையது?

இந்த இடத்தில்தான் நாங்கள் கொஞ்சம் நின்றோம். மத்திய அரசின் காணி என்று சட்டம் சொல்கிறது. மத்திய அரசுக்கு அது எங்கிருந்து வந்தது?

2020 இல் ஹை கன்ட்ரி நியூஸ் என்ற சஞ்சிகை ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. ரொபேர்ட் லீ என்ற வரலாற்றாய்வாளரும் ட்ரிஸ்டன் ஆடோன் என்ற பழங்குடிப் பத்திரிகையாளரும் முன்னின்று செய்தது. மொரில் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட காணித்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி, அவை எந்த மக்களிடம் இருந்து, எந்த ஒப்பந்தத்தாலோ பறிப்பாலோ வந்தவை என்று வரைபடம் போட்டார்கள். கிட்டத்தட்ட 11 மில்லியன் ஏக்கர், ஏறத்தாழ 250 பழங்குடிச் சமூகங்களிடம் இருந்து, 52 பல்கலைக்கழகங்களுக்கு. லாண்ட் கிராண்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் லாண்ட் கிராப், அதாவது காணிப் பறிப்பு, என்ற சொல் அதற்குப் பிறகு நிலையாக நின்றுவிட்டது.

விஸ்கொன்சினில் கதை இன்னும் சிக்கல். மாநிலத்தின் வடபகுதிக் காடுகள் ஒஜிப்வே, மெனோமினி மக்களுடையவை. அந்த மண்ணில் தன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த பங்கை விஸ்கொன்சின் மலிவாகவே விற்றுத் தீர்த்தது. ஆனால் நியூயோர்க் மாநிலத்தின் பங்கை வாங்கிய எஸ்ரா கோர்னெல் அதே விஸ்கொன்சின் பைன் காடுகளில் சுமார் ஐந்து இலட்சம் ஏக்கரைத் தேர்ந்தெடுத்து, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்க ஏற்பாடு செய்தார். அதில் இருந்து கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது சுமார் ஐந்து மில்லியன் டொலர். ஒஜிப்வே மக்களின் மரம் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் அத்திவாரமானது இப்படித்தான்.

மடிசன் கம்பஸ் நிற்கிற நிலம் ஹோ-சங்க் மக்களுடையது. அவர்கள் அந்த இடத்தை அழைப்பது தெய்ஜோப், நான்கு ஏரிகள் என்று பொருள். 1832 இல் ஒரு யுத்தத்துக்குப் பிறகு வற்புறுத்தலில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தோடு அது கைமாறியது. அடுத்த நாற்பது வருடங்களில் அரசாங்கம் அவர்களைத் திரும்பத் திரும்ப மேற்கே வேறு மாநிலங்களுக்கு ஏற்றி அனுப்பியது. அவர்கள் திரும்பத் திரும்ப நடந்து ஊருக்கு வந்தார்கள். இன்றைக்கும் கம்பஸுக்குள் அவர்களின் முன்னோர் மண்ணால் உருவாக்கிய மேடுகள் இருக்கின்றன. பறவை வடிவத்தில் ஒன்று, இரண்டு வால் கொண்ட நீர்த்தெய்வத்தின் வடிவத்தில் ஒன்று. வகுப்புக்குப் போகிற வழியில் பார்க்கலாம்.

வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் காணியை விடு என்று வீதியோரம் கொட்டில் போட்டு இருந்த சனத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். மலையகத்தில் இருநூறு வருடம் உழைத்தும் சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதனால் ‘நடந்து ஊருக்குத் திரும்பி வந்தார்கள்’ என்ற வரியை எங்களால் லேசாகக் கடந்து போக முடியவில்லை. இரண்டும் ஒரே வரலாறு என்று சொல்லவில்லை. அங்கே போய்ப் படிக்கிற ஒருவருக்கு இது ஆரோ ஒருவரின் பழங்கதையாக மட்டும் இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறோம்.

பல்கலைக்கழகம் இதைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019 இல் பாஸ்கொம் குன்றில் இந்த வரலாற்றைச் சொல்லும் பெயர்ப்பலகை ஒன்று வைக்கப்பட்டது. 2024 முதல், விஸ்கொன்சினில் வசிக்கும், அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட பழங்குடி அமைப்புகளின் உறுப்பினர்களான இளமாணி மாணவர்களின் செலவை முழுதாகப் பொறுப்பேற்கிறது. பலகையைவிட இது பெரிது. காணியைவிடச் சிறிது.

செத்த மாடும் பால் கானும்

காணியின் கதையோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். இந்தப் பல்கலைக்கழகம் செய்ததையும் சொல்ல வேண்டும்.

1880களில் பால் வாங்குகிறவர்கள் நிறைக்குத்தான் காசு கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும் கலக்காதவனுக்கும் ஒரே விலை. 1890 இல் ஸ்டீபன் பப்கொக் என்ற இரசாயனப் பேராசிரியர், பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பண்ணையிலேயே அளக்கக்கூடிய ஒரு எளிய சோதனையைக் கண்டுபிடித்தார். காப்புரிமை எடுக்கவில்லை. ஆரும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். நேர்மையான பால்காரனுக்கு அன்றைக்குத்தான் நீதி கிடைத்தது.

1933 இல் ஒரு விவசாயி, பனிப்புயலுக்குள் சுமார் 300 கிலோமீற்றர் ஓட்டி மடிசனுக்கு வந்தார். லொறியில் ஒரு செத்த மாடு, கெட்டுப்போன வைக்கோல், ஒரு பால் கானில் உறையாத இரத்தம். மிருக வைத்தியரின் அலுவலகம் பூட்டியிருக்க, திறந்திருந்த உயிர்வேதியியல் கட்டடத்தின் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர் கார்ல் லிங்க். அந்த வைக்கோலில் இரத்தத்தை உறையவிடாமல் செய்வது எது என்று அவரின் ஆய்வுகூடம் வருடக்கணக்காகத் தேடியது. அதில் இருந்து வந்ததுதான் வார்பரின். எங்கட பெரியாஸ்பத்திரிகளின் இருதய கிளினிக்கில் வரிசையில் நிற்கும் அம்மாமாரின் கையில் இருக்கிற அதே குளிசை. அதன் பெயரின் முன்பாதி, விஸ்கொன்சினின் முன்னாள் மாணவர்கள் ஆய்வுக்காக 1925 இல் தொடங்கிய நிறுவனத்தின் சுருக்கப் பெயர்.

ஒரு விவசாயி செத்த மாட்டோடு பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. விஸ்கொன்சின் ஐடியா என்பார்கள். 1903 முதல் 1918 வரை தலைவராக இருந்த சார்ள்ஸ் வான் ஹைஸ் அதை வளர்த்தார். பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பது சாரம். விவசாயிகளுக்குக் குளிர்காலக் குறுங்கற்கை, ஊர் ஊராக விரிவாக்கக் கூட்டங்கள், வானொலி எல்லாம் இதன் வழியில் வந்தவை. ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் மற்ற அந்தத்துக்கும் பேராசிரியர்கள் போய்வந்தார்கள். 1911 இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், 1932 இன் வேலையற்றோர் காப்புறுதிச் சட்டம் போன்றவற்றின் பின்னால் ஜோன் கொமன்ஸும் அவரின் மாணவர்களும் இருந்தார்கள். 1935 இன் அமெரிக்க சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எட்வின் விற்றே இந்தப் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர்.

ஆனால் ‘ஒவ்வொரு வீடும்’ என்பதற்கும் எல்லை இருந்தது. பால், எண்ணெய் போன்றவற்றில் புறஊதாக் கதிரால் விற்றமின் டி யைக் கூட்டும் முறையை ஹரி ஸ்டீன்பொக் கண்டுபிடித்தார். காப்புரிமை அந்த முன்னாள் மாணவர் நிறுவனத்திடம் போனது. பிள்ளைகளின் எலும்பு வளையும் நோயைத் தடுக்கக்கூடிய முறை அது. மாஜரின் செய்கிறவர்களுக்கு மட்டும் அனுமதி மறுக்கப்பட்டது, விஸ்கொன்சினின் வெண்ணெய்க்காரருக்குப் போட்டி வரக்கூடாது என்று. வெண்ணெய் வாங்க வசதி இல்லாத ஏழைகள் சாப்பிட்டது மாஜரினைத்தான். 1940களில் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகளைச் செல்லாது என்றபோது இதையும் சுட்டிக்காட்டியது.

‘பப்ளிக்’ எண்டால் எங்களுக்குமா?

இதில் இருந்துதான் விண்ணப்பிக்கிற எங்களுக்கு விளங்கவேண்டிய முதல் விசயம் வருகிறது. அமெரிக்காவில் ‘அரச பல்கலைக்கழகம்’ என்றால் அந்த மாநிலத்துச் சனத்தின் பல்கலைக்கழகம். விஸ்கொன்சின்காரருக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் அதைப்போல் பல மடங்கு. பேராதனையையும் யாழ் கம்பஸையும் மனதில் வைத்து ‘அரசாங்கத்தின்ரைதானே, மலிவாத்தான் இருக்கும்’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இப்போது மாநில அரசு கொடுக்கும் காசு பல்கலைக்கழகத்தின் மொத்த வரவில் ஒரு சிறுபங்கு மட்டுமே. மிச்சத்தை நிரப்புவதில் வெளியில் இருந்து வரும் மாணவர்களின் கட்டணமும் ஒன்று.

ஆகவே, வெளிப்படையாகச் சொல்கிறோம். ஏ.எல். முடித்துவிட்டு இளமாணிக்குப் போக நினைக்கிறவர்கள், வீட்டில் பெரிய வசதி இல்லாவிட்டால், கடன்பட்டு இங்கே போக வேண்டாம். வெளிநாட்டு இளமாணி மாணவர்களுக்கு உதவி மிகக் குறைவு.

கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர்களின் நிலை வேறு. பெரும்பாலான துறைகளில் கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பதவி கிடைத்தால் கற்கைக் கட்டணம் விலக்கு, மாதச் சம்பளம், சுகாதாரக் காப்புறுதி மூன்றும் வரும். முதுமாணிக்கு இது துறையைப் பொறுத்தது. பல முதுமாணிக் கற்கைகளில் கைக்காசுதான்.

இந்த உதவியாளர் பதவியை ஆரோ போட்ட பிச்சையாக நினைக்கவும் தேவையில்லை. அது வேலை. மடிசனின் கற்பித்தல் உதவியாளர்கள் 1966 இல் சங்கம் கட்டினார்கள், 1970 இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்காவில் பட்டப்பின் மாணவர்களின் தொழிற்சங்கங்களுக்கு முன்னோடி அதுதான். 2011 இல் மாநில அரசு பொது ஊழியரின் கூட்டுப் பேரம்பேசும் உரிமையை வெட்டியபோது சட்டசபைக் கட்டடத்துக்குள் படுத்துக் கிடந்தவர்களில் இந்தச் சங்கத்தினரும் இருந்தார்கள்.

விண்ணப்பிக்கிறவைக்கு

விஸ்கொன்சின் என்ற பெயரில் பல வளாகங்கள் இருக்கின்றன. மில்வோக்கி வேறு, மடிசன் வேறு. விண்ணப்பத்தில் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

பட்டப்பின் படிப்புக்குப் பல துறைகளின் கடைசித் திகதி மார்கழியில் வரும். ஆனியில் தொடங்கினால்தான் சரி. விஞ்ஞானத் துறை என்றால் முதலில் ஆய்வுகளை வாசித்து, பொருத்தமான பேராசிரியருக்கு நாலு வரியில் எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. ஜிஆர்ஈ கேட்பதும் கேட்காததும் துறைக்குத் துறை வேறு. ஆங்கிலப் பரீட்சையை முற்கூட்டியே எடுத்து வையுங்கள்.

மாணவர் விசாவில் கற்கைக் காலத்தில் கம்பஸுக்குள் மட்டும் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். ‘வெளியில வேலை செய்து கட்டணத்தைக் கட்டலாம்’ என்று ஆரும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். கொழும்பில் இருக்கும் அமெரிக்க-இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்பைப் பற்றிய ஆலோசனை கிடைக்கும். முகவரிடம் காசு கட்ட முதல் அங்கே போங்கள்.

சமூக விஞ்ஞானம், வரலாறு, மொழி படித்தவர்களுக்கு ஒரு தகவல். மடிசன், தெற்காசிய ஆய்வுகளுக்கு அமெரிக்காவில் பழைய மையங்களில் ஒன்று. வருடாவருடம் ஐப்பசியில் தெற்காசியா பற்றிய பெரிய மாநாடு நடப்பது அந்த நகரத்தில்தான். காணிச் சீர்திருத்தத்தை ஆராயவென்றே 1962 இல் ஒரு நிலவுரிமை ஆய்வு மையமும் அங்கே தொடங்கப்பட்டது. காணி கொடுத்துக் கட்டின கம்பஸில் இருந்து மற்ற நாடுகளின் காணியைப் பற்றிப் படித்திருக்கிறார்கள்!

கடைசியாக

இதையெல்லாம் எழுதியது ஒருவரும் போகக்கூடாது என்பதற்காக அல்ல. போங்கள். நல்ல நூலகம், நல்ல ஆய்வுகூடம், கேள்வி கேட்டால் கோபிக்காத ஆசிரியர்கள் கிடைப்பது ஒரு வாழ்க்கையை மாற்றும். ஆனால் அது ஒரு வெறுமையான நிலத்தில் தானாக முளைத்த இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு மக்களிடம் இருந்து எடுத்த காணியில், இன்னொரு மக்களுக்காகக் கட்டப்பட்டது. கட்டியவர்களே ‘இதன் பயன் ஆருக்குப் போய்ச் சேருது?’ என்ற கேள்வியைத் தங்கட அடையாளமாக்கியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர்களிடமே திருப்பிக் கேட்க அங்கே படிக்கிற ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது.

அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். எங்கட பல்கலைக்கழகங்கள் இலவசம். அது பெரிய விசயம், காக்க வேண்டிய விசயம். ஆனால் சேனைப்புழு தின்ற சோளத்தோடு ஒரு விவசாயி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்? காவலாளி உள்ளே விடுவாரா? எங்கட இறுதியாண்டு ஆய்வேடுகளில் எத்தனை, ஆய்வு செய்த ஊருக்கே தமிழில் திரும்பிப் போகின்றன? மடிசனுக்குப் போகிறவர்களும் இங்கேயே நிற்கிறவர்களும் சேர்ந்து பதில் தேடவேண்டிய கேள்விகள் இவை. ஏற்கெனவே அங்கே இப்படியான கம்பஸ்களில் படிக்கிறவர்கள், நாங்கள் விட்டதையும் உங்கட அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கோ. அடுத்ததாக, 1890 இன் இரண்டாவது மொரில் சட்டத்தால் கறுப்பின மக்களுக்காக உருவான பல்கலைக்கழகங்களைப் பற்றியும், 1994 இல் காணி இல்லாமலே லாண்ட் கிராண்ட் என்ற பெயரைப் பெற்ற பழங்குடிக் கல்லூரிகளைப் பற்றியும் எழுத இருக்கிறோம்.